கருந்தட்டில் கனிந்த காதல்

நெல்லிக்குப்பத்திலே ஒரு திருமணம். வாசலிலே வாழை, பந்தலுக்கு அருகே நிற்கும் புளியமரத்தின் கிளையிலே குழாய் ஒலிபெருக்கி. மைக் செட்டுக்காரர் தகரப் பெட்டியைத் திறக்கிறார். உறையிலிருந்து கருநிறத் தட்டு ஒன்றை, ஓரம் மட்டுமே விரலிற் படும்படி எடுக்கிறார்; துணியால் துடைக்கிறார்; சுழலும் வட்டத்தின் மேல் வைக்கிறார். ஊசி இறங்குகிறது. சிறிது நேரம் கரகரவென்ற ஒலி. அதன் பின் — ஒரு காதற் பாட்டு!

ஒலிநாடா வந்து தட்டுகளைத் தள்ளி வைக்கும் வரையில், தமிழகத்துச் சிற்றூர் ஒவ்வொன்றும் கண்ட காட்சி இது.

பாட்டு கிளம்பிற்று, பந்தலோடு நின்றதா? இல்லை. பெரிய தெருவைக் கடந்தது, இருப்புப்பாதையைத் தாண்டியது, பாரி நிறுவனத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டிகளின் மீது தவழ்ந்தது, ஆலைத் தொழிலாளி கை கழுவும் தொட்டியருகே ஒரு கணம் நின்றது, ஊரின் எல்லையைத் தாண்டிச் சேரிக்குள்ளும் நுழைந்தது. "நீ அங்கே போகலாமா?" என்று பாட்டை எவரும் தடுக்கவில்லை. தடுத்தாலும் நிற்காது. காற்றுக்குக் கதவு ஏது?

ஆனால், அந்தப் பாட்டைக் கேட்டு உள்ளம் நெகிழ்ந்த சேரி இளைஞன் ஒருவன், அதிலே கண்ட அன்பையே, அந்தத் தெருவிலே வாழும் மங்கை ஒருத்தியிடம் சொல்லியிருந்தால்? அவளும் இசைந்திருந்தால்? பாட்டைச் சுவைத்த தெரு, அவர்களை வாழ்த்தியிருக்குமா?

விடை, நீங்கள் அறிந்ததுதான்.

குரலுக்குத் திறந்த கதவு, குரலுக்குரியவனுக்கு ஏன் திறக்கவில்லை? காதற் பாட்டைப் போற்றும் நாடு, காதலரை ஏன் தூற்றுகிறது? இக்கேள்வியை, அந்தக் கருந்தட்டின் வரலாற்றைக் கொண்டே கேட்டுப் பார்ப்போம். அந்த வரலாறு நம் நாட்டோடு நிற்பதன்று. கடல் கடந்து, அமெரிக்க நாட்டுக் கருப்பின மக்களின் கண்ணீரிலும் களிப்பிலும் தோன்றி, ஜாஸ் என்றும் சோல் என்றும் உலகெங்கும் பெயர் பெற்றிருக்கும் இசையோடு பின்னிக் கிடப்பது. ஆகவே, அங்கும் சென்று வருவோம்.

அரக்கிலே அடங்கிய குரல்

பிற்காலத்துத் தட்டுகள் வினைல் என்னும் செயற்கைப் பொருளால் ஆனவை. அவ்வகை நீண்ட நேரத் தட்டு, அமெரிக்காவில் 1948-இல்தான் வெளிவந்தது. அதற்கு முன் இருந்தவை அரக்குத் தட்டுகள். மரக்கிளையிலே ஒட்டி வாழும் சிறு பூச்சி கசியவிடும் பிசின்தான் அரக்கு. இந்நாட்டுக் காடுகளிலே பழங்குடி மக்கள் திரட்டிய அரக்கு, கப்பலேறிச் சென்று, மேல்நாட்டு ஆலைகளிலே தட்டாயிற்று. நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். இரவெல்லாம் பாடும் இசைவாணர், மூன்றே நிமிடத்தில் தம் உள்ளத்தைக் கொட்டியாக வேண்டும்!

1902 நவம்பரில், கிராமபோன் நிறுவனத்தின் பிரெட் கெய்ஸ்பர்க், கல்கத்தாவுக்கு வந்து ஒலிப்பதிவு செய்தார். யார் பாட வந்தனர்? மதிப்புமிக்க குடும்பத்தார் என்று தம்மைக் கூறிக்கொண்டோர் தயங்கினர். சபைகளிலே ஆடியும் பாடியும் வாழ்ந்த பெண்கள் முன்வந்தனர். அவர்களுள் தலையாயவர் கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும், தம் பெயரைத் தாமே உரக்கக் கூறுவார். தட்டை அச்சிட்டது செர்மனியின் ஹானோவர் நகரில். பாடியவர் இன்னார் என்று அங்குள்ள தொழிலாளர் அறிய வேண்டுமே! வணிகத்துக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆயினும், பெண்ணின் பெயரைச் சபையிலே சொல்லவே கூசிய நாட்டில், ஒரு பெண்ணின் குரல், தன் பெயரைத் தானே முழங்கிற்று. 1908-இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை ஏற்பட்டது.

தென்னாட்டிலும் இதே கதைதான். கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, காஞ்சி தனகோடி — தொடக்கக் காலத் தட்டுகளிலே ஒலித்த பெண் குரல்களிற் பல, தேவதாசிக் குலத்தில் பிறந்தோருடையவை. கோயம்புத்தூர் தாயியின் பாட்டைக் கேட்டு மயங்கினார், மாரிஸ் டெலாஜ் என்னும் பிரெஞ்சு நாட்டு இசைப்புலவர். அந்த இசையை அடியொற்றிப் பியானோவுக்கென ஓர் உருப்படி அமைத்து, ராகமாலிகை என்றே அதற்குப் பெயரும் இட்டார். பாரிசு வரை சென்றது தாயியின் குரல். ஆனால், அதே தாயியின் குலத்துப் பெண்ணை, எந்த வீட்டார் மருமகளாக ஏற்றனர்? கூடத்திலே கிராமபோன், அதன் குழாயிலே அவள் குரல், வாயிற்படியிலே அவளுக்குத் தடை!

அந்தக் கொடிய முறையை ஒழிக்க, டாக்டர் முத்துலட்சுமியும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும், சுயமரியாதை இயக்கத்தாரும் அரும்பாடுபட்டனர். 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் பிறந்தது. முறை ஒழிந்தது நன்று, மிக நன்று. ஆனால், முறையோடு அப்பெண்களின் பெயரும் ஒழிந்தது முறையா? அவர்கள் காத்து வளர்த்த பதங்களை எடுத்துக்கொண்ட சபைகள், காத்தவர்களை மறந்தன. இதையும் கூறத்தான் வேண்டும்.

கடலுக்கு அப்பால்

அமெரிக்காவுக்குச் செல்வோம். ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்ட மக்கள், பருத்தி வயலிலும் கரும்பு வயலிலும் உழைத்தனர். 1865-இல்தான் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதுவரை அவர்களுக்குத் திருமணம் என்பதே சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாத ஒன்று. ஒருவனும் ஒருத்தியும் உள்ளம் கலந்து வாழலாம். மறுநாளே முதலாளி, அவனை ஒரு சந்தையிலும் அவளை மற்றொரு சந்தையிலும் விற்றுவிடலாம். காதலிக்கும் உரிமையே இல்லாதவர்களிடமிருந்துதான், உலகத்தை உருக்கிய காதற் பாட்டுகள் பிறந்தன!

நியூ ஆர்லியன்சு நகரத்துத் தெருக்களிலே, ஊதுகுழலும் முரசும் முழங்க எழுந்தது ஜாஸ். எழுதி வைத்த சுரங்களை ஒப்புவிப்பதோடு நில்லாமல், மேடையிலேயே எண்ணி, அக்கணமே புனைந்து வாசிப்பது அதன் உயிர். நம்மவரின் ஆலாபனையும் சுரக் கற்பனையும் அறிந்தவர்க்கு இது புதிதன்று. ஆனால், 1917-இல் வெளியான முதல் ஜாஸ் தட்டு என்று உலகம் குறிப்பிடுவதிலே வாசித்த ஐவரும் வெள்ளையர்! படைத்தவன் வெளியே, பதிவானவன் உள்ளே.

1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் என்னும் கருப்பினப் பெண், காதலன் கைவிட்ட துயரைப் பாடித் தட்டிலே பதித்தார். விற்பனை வெள்ளமெனப் பெருகிற்று. கருப்பின மக்களிடமும் காசு உண்டு, காதும் உண்டு என்பதை அப்போதுதான் வணிகர் கண்டனர்! அவர்களுக்கென்று தனித் தட்டுகள், அவற்றுக்கு 'இனத் தட்டுகள்' என்று தனிப் பெயர், தனிப் பட்டியல். நமது சிற்றுண்டிச் சாலைகளிலே தனிக் குவளை வைத்தனரே, நினைவிருக்கிறதா? அதுபோல! தெற்கு மாநிலங்களிலே தட்டு கிடைக்காத ஊர்களுக்கு, இரயிலிலே பணிபுரிந்த கருப்பினத் தொழிலாளர், தம் பெட்டியிலே தட்டுகளைச் சுமந்து சென்று விற்றனர்.

பெஸ்ஸி ஸ்மித் பாடிய காதற் சோகப் பாட்டுகள், இலட்சக்கணக்கில் விலைபோயின. 1937-இல் வண்டி விபத்தொன்றில் மாண்டார். அவர் கல்லறையிலே, 1970 வரை ஒரு பெயர்க்கல் நடப்படவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள்! தட்டிலே பெயர் உண்டு; கல்லறையிலே பெயர் இல்லை.

நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியிலே காட்டன் கிளப் என்று ஓர் அரங்கம். 1927 முதல் டியூக் எல்லிங்டன் குழுவினர் அங்கு வாசித்தனர். மேடையிலே கருப்பினக் கலைஞர். கீழே அமர்ந்து சுவைத்தோர் வெள்ளையர் மட்டுமே. கருப்பினத்தவர், காசு கொடுத்தாலும், சுவைஞராக உள்ளே வர இயலாது. அரங்கின் அலங்காரம் என்ன தெரியுமோ? பண்ணையாரின் மாளிகை! எந்தப் பண்ணையிலே அவர்களின் பாட்டன்மார் சவுக்கடி பட்டனரோ, அந்தப் பண்ணையின் படத்தின் முன் நின்று, பேரன்மார் காதற் பண் இசைத்தனர். அந்த அரங்கிலே இடம் பெறாத ஹார்லெம் தொழிலாளி, வீட்டிலே தட்டைச் சுழலவிட்டு எல்லிங்டனைக் கேட்டான். அரங்கம் அடைத்த கதவை, தட்டு திறந்தது — காதளவில்.

தெருவிலே வளர்ந்த இசை

"அமெரிக்கக் கருப்பினத்தாருக்கும் தென்னார்க்காட்டுத் தமிழனுக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கலாம். 1959-இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்தார். திருவனந்தபுரத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர் பயின்ற பள்ளி ஒன்றிலே, தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார் — அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும், நம்மைப் போன்ற தீண்டப்படாதார் ஒருவர் என்று! முதலில் திடுக்கிட்டாராம் கிங். பின்னர் எண்ணிப் பார்த்து, ஆம், நானும் என் மக்களும் அவ்வாறே என்று தெளிந்ததாக, 1965-இல் தம் நாட்டு மக்களிடம் கூறினார். தொடர்பு அதுதான்.

இசையிலே அத்தொடர்பைக் காண விரும்பினால், சிதம்பரத்துத் தேர்த் தெருக்களிலே திருவிழா இரவிலே நின்று பாருங்கள். நாகசுரம் மல்லாரி முழங்கி வரும். தவில் பேசும். நாழிகைக் கணக்கில் ஒரே இராகம், ஒவ்வொரு திருப்பத்திலும் புதுப்புதுக் கோலம் கொள்ளும். எழுதி வைத்துக்கொண்டா ஊதுகிறார்? இல்லை, தெருவே அவர் ஏடு. நியூ ஆர்லியன்சிலே, ஊர்வலத்தின் முன் எக்காளம் ஊதிச் சென்ற கலைஞரும் இவரும், ஒருவரையொருவர் அறியாத உடன்பிறந்தார். சாக்சபோன் என்னும் குழலிலே ஜாஸ் கலைஞர் ஒருவர், நள்ளிரவு வேளையிலே, தாழ்ந்த குரலில் காதலை மெல்ல மெல்லக் கொணரும்போது, கீழ்ச் சட்சத்தருகே நின்று தோடியைத் தடவித் தரும் நாகசுரம் நம் நினைவுக்கு வாராமற் போகாது.

மரியாதையிலும் இருவரும் உடன்பிறந்தாரே! நாகசுரக் கலைஞர் நடந்துகொண்டே ஊத வேண்டும். மேலே சட்டை கூடாது. தோள் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். சுயமரியாதை இயக்கத்தின் தொடக்கக் காலத்தில், கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்தின் தோளிலே வியர்வை துடைக்கக் கிடந்த துண்டை எடுக்கச் சொன்னார்கள் சிலர். எடுக்காதீர் என்று குறுக்கே நின்றார் பட்டுக்கோட்டை அழகிரிசாமி. ஒரு முழத் துண்டு; அதற்கு ஒரு போர்! திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898–1956) தலைவாரிக் கிராப்பு வைத்தார், சட்டை அணிந்தார், மேடையிலே அமர்ந்து வாசித்தார். அவர் பதித்த தோடித் தட்டு, அவரை உட்காரவைக்க மறுத்த வீடுகளின் கூடத்திலும் உட்கார்ந்து பாடிற்று!

இருநாட்டு இசையும் நேருக்கு நேர் சந்தித்த ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1958-இல் டேவ் புரூபெக் என்னும் ஜாஸ் கலைஞர், தம் நால்வர் குழுவோடு இந்தியாவுக்கு வந்தார். சென்னையில், மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு கலந்து வாசித்தார். பழனியார் இடக்கைப் பழக்கம் உடையவர். மேடையிலே அமரும் முறை மாறுகிறதே என்று காரணம் காட்டி, அவரை ஒதுக்கியோர் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற நல்லுள்ளத்தார் அவரைத் தாங்கியதும் உண்டு. புரூபெக் குழுவிலோ, யூஜீன் ரைட் என்ற கருப்பினக் கலைஞர் இருந்தார். அவரை விலக்கிவிட்டு வந்தால்தான் மேடை என்று அமெரிக்கத் தெற்கு மாநிலக் கல்லூரிகள் கூறின. புரூபெக் மறுத்தார். 1960-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில், இருபதுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் கைவிடப்பட்டன. பணம் போயிற்று, தோழன் போகவில்லை. செம்பையும் புரூபெக்கும் செய்தது ஒன்றே: உள்ளே இருந்தவர், வெளியே நின்றவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்!

கடவுளிடமிருந்து காதலிக்கு

இனி, சோல் என்னும் இசைக்கு வருவோம். அச்சொல்லுக்கு ஆன்மா என்று பொருள். ஆன்மா உண்டா, இல்லையா என்ற வழக்கை இங்கே எடுக்கப் போவதில்லை, அஞ்ச வேண்டாம்! அந்த இசையிலே உள்ளது ஆன்மாவோ அன்றோ, மனிதனின் உள்ளம் என்பதிலே ஐயமில்லை.

கருப்பின மக்களுக்கு, அடித்த சவுக்குக்கு அப்பால் அழுவதற்குக் கிடைத்த இடம் தேவாலயம். அங்கே எழுந்த பாட்டிலே கைதட்டல் உண்டு, கூக்குரல் உண்டு, ஒருவர் கேட்கப் பலர் விடைகூறும் முறை உண்டு. கண்ணிழந்த கலைஞர் ரே சார்லஸ், 1954-இல் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். தேவாலயத்துப் பாட்டின் நடையை அப்படியே எடுத்து, இறைவனை நோக்கிய சொற்களை நீக்கிவிட்டு, தான் நேசித்த பெண்ணைப் பற்றிப் பாடினார். சீறினர் பலர். தெய்வநிந்தை என்றனர். மக்களோ, தட்டை வாங்கித் தேய்த்தனர்! பாதிரியாரின் மகன் சாம் குக், தேவாலயக் குழுவை விட்டு வந்து, 1957-இல் காதற் பாட்டுப் பாடி நாடு முழுவதையும் கவர்ந்தார். வெள்ளையர் வீட்டுக் கூடத்திலும் அவர் தட்டு சுழன்றது. ஆனால், 1963 அக்டோபரில், லூசியானா மாநிலத்து ஸ்ரீவ்போர்ட் நகரிலே, தங்கும் விடுதி ஒன்று அவருக்கு அறை மறுத்தது; நியாயம் கேட்டவரைச் சிறையிலே வைத்தனர். குரலுக்குக் கூடம், குரலுக்குரியவனுக்குக் கொட்டடி!

அங்கே, கடவுளுக்குரிய பாட்டு காதலிக்கு வந்தது. நம் நாட்டிலோ, காதலிக்குரிய பாட்டு கடவுளுக்குப் போயிற்று! சங்கத் தமிழரின் அகப்பாட்டிலே யார் தலைவன், யார் தலைவி? பெயர் கூறுதல் கூடாது என்பதே இலக்கணம். எந்த ஊரின் எந்த இளைஞனும் தலைவனாகலாம். எந்த மங்கையும் தலைவியாகலாம். உன் தாய் யார், என் தாய் யார், குலம் என்ன, உறவு என்ன என்று கேளாமலே கலந்த நெஞ்சங்களைக் குறுந்தொகை பாடிற்று. பின்னர் வந்த காலம், அந்தத் தலைவனின் இடத்திலே ஆண்டவனை அமர்த்திற்று. சீர்காழியிற் பிறந்து தில்லை அம்பலத்தைப் பாடிய முத்துத்தாண்டவரின் பதங்களிலே, தலைவி ஏங்குவது ஆடும் கடவுளுக்காக. இசை இனிது, மறுக்கவில்லை. ஆயினும் கேட்கிறோம்: மானிடப் பெண் மானிடனுக்காக ஏங்கினால் மட்டும் இழுக்காகிவிடுமோ?

மானிடக் காதல் தட்டேறிய கதையும் நம்மிடம் உண்டு. செங்கோட்டை கிட்டப்பா, கொடுமுடி சுந்தராம்பாள். நாடக மேடையிலே இணைந்தனர், வாழ்விலும் இணைந்தனர். சாதி வேறு, உள்ளம் ஒன்று. அவர்தம் தட்டுகளைக் கேட்கத் தமிழகம் தவம் கிடந்தது. 1933-இல், முப்பது வயதும் நிரம்பாத கிட்டப்பா மறைந்தார். அன்று வெண்ணிற ஆடை பூண்ட சுந்தராம்பாள், 1980-இல் கண்மூடும் வரை அதை நீக்கவில்லை. 1935-இல் வெளிவந்த படத்திலே நந்தனாராக நடித்தார். ஓரிலட்சம் ரூபாய் ஊதியம் என்று நாடே வியந்தது. எண்ணிப் பாருங்கள்: காதலை இழந்த ஒரு பெண், தில்லையின் கதவுக்கு வெளியே நின்ற ஒருவனுக்குக் குரல் கொடுத்தாள்! அந்தத் தட்டும் படமும் பட்டிதொட்டியெங்கும் சென்றன. நந்தனுக்காகக் கண்ணீர் விட்டோர், தம் ஊர்ச் சேரியிலே நின்ற நந்தனைப் பார்த்தனரா?

அதே சிதம்பரத்திலே 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் தோன்றிற்று. 1941 ஆகஸ்டில் அங்கே தமிழிசை மாநாடு கூடிற்று. தமிழ்நாட்டிலே தமிழிற் பாடு என்று கேட்பதற்கே ஒரு மாநாடு தேவைப்பட்டது! 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. அந்த இயக்கத்தின் முன்னணிப் பாடகர் தண்டபாணி தேசிகர், பின்னாளில் அதே பல்கலைக் கழகத்தில் இசைத் துறைக்குத் தலைமை தாங்கினார். பாரதிதாசனின் பாட்டொன்றுக்கு, தேஷ் இராகத்திலே அவர் மெட்டமைத்தார். துன்புற்ற நெஞ்சம், அன்புடையாளிடம் இசையை வேண்டி நிற்கும் பாட்டு அது. அண்ணாவின் கதையான 'ஓர் இரவு' 1951-இல் படமாயிற்று. அதிலே அப்பாட்டு ஒலித்தது. அதிலே வேண்டுபவன் மனிதன்; வேண்டப்படுபவள் பெண். அகப்பாட்டு, ஊர் திரும்பிற்று! அங்கே ரே சார்லஸ் செய்ததை, இங்கே பாரதிதாசனும் தேசிகரும் தம் வழியிலே செய்தனர்: காதலை, மனிதனுக்கே மீட்டுக் கொடுத்தனர்.

ஓர் ஆண்டு, மூன்று நிகழ்ச்சிகள்

1967. அந்த ஆண்டை மறவாதீர்கள்.

அந்த ஆண்டு, பாதிரியார் ஒருவரின் மகளான அரீத்தா பிராங்கிளின், மரியாதை என்னும் பொருள் தரும் ஒரே சொல்லைத் தலைப்பாகக் கொண்ட பாட்டைப் பாடித் தட்டிலே வெளியிட்டார். ஓடிஸ் ரெட்டிங் எழுதி, 1965-இல் ஆண் குரலிலே பாடிய பாட்டு அது. அரீத்தாவின் வாயிலே அது பெண்ணின் கோரிக்கையாயிற்று. காதலைக் கொடு, அதற்கு முன் மரியாதையைக் கொடு!

அதே ஆண்டு, சூன் திங்களில், அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. வெள்ளை இளைஞர் ஒருவரும் கருப்பினத் தொடர்புடைய பெண் ஒருவரும் 1958-இல் மணந்துகொண்டனர். நள்ளிரவிலே வீடு புகுந்து கைது செய்தது வர்ஜீனியா மாநிலம். ஊரை விட்டே போகச் சொன்னது நீதிமன்றம். அவர்களின் குடும்பப் பெயர் லவ்விங் — அன்பு செய்தல் என்று பொருள்! நிறம் கடந்த மணத்தைத் தடுக்கும் சட்டங்கள் செல்லா என்றது தலைமை நீதிமன்றம். அன்று வரை 16 மாநிலங்களில் அத்தகைய சட்டங்கள் இருந்தன.

அதே ஆண்டிலேதான் நம் சட்டமன்றம், அண்ணாவின் ஆட்சியிலே, சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று விதி இயற்றிற்று. 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. புரோகிதர் வேண்டாம், நெருப்பு வேண்டாம், மாலை மாற்றிக்கொண்டு, ஏற்றுக்கொண்டேன் என்று இருவரும் கூறினாற் போதும். சுயமரியாதை! அரீத்தா கேட்டதும் அதுதானே?

பாட்டு கேட்டதைச் சட்டம் கொடுத்தது. சமுதாயம் கொடுத்ததா?

2003. இதே கடலூர் மாவட்டம். விருத்தாசலத்தை அடுத்த ஒரு சிற்றூர். தாழ்த்தப்பட்ட வகுப்பிலே பிறந்து, பொறியியல் கற்ற இளைஞன். வேறு வகுப்பிலே பிறந்து, கல்லூரி சென்ற பெண். காதலித்தனர், பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். பெண்ணின் உறவினர் இருவரையும் பிடித்து, நஞ்சூட்டிக் கொன்றனர். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2021-இல் கடலூர் நீதிமன்றம் தண்டனை விதித்தது. தண்டிக்கப்பட்டோரிற் காவல்துறையினரும் உண்டு! 2025-இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளிற்று.

அவர்களைக் கொன்றோர், காதற் பாட்டே கேளாதவர்களா? அந்த ஊரிலே ஒலிபெருக்கி கட்டவில்லையா? திருமணப் பந்தல்தோறும், பேருந்துதோறும், தேநீர்க் கடைதோறும் நாள் முழுதும் ஒலிப்பது வேறென்ன? காதற் பாட்டுதானே! பாட்டிலே காதலன் சாதி கேட்பதில்லை. கேட்டால் நாமே அவனை வெறுப்போம். பாட்டு முடிந்து ஊசியைத் தூக்கியதும், நாமே கேட்கிறோம்: "என்ன சாதி?"

இன்று தட்டுகளுக்கு மீண்டும் மவுசு வந்திருக்கிறது. இளைஞர் பலர் பழந்தட்டுகளைத் தேடித் தேடி வாங்குகின்றனர். அரங்குகளிலே நேரிற் சென்று கேட்கின்றனர். மகிழ்ச்சி! 2018 சனவரியில், சென்னைக் கீழ்ப்பாக்கத்திலே, தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்னும் குழு மேடையேறிற்று. கானாவும் பறையும் மேல்நாட்டு இசையும் அங்கே தோளோடு தோள் நின்றன. சாதியற்றோர் என்பது அக்குழுவின் பெயர். அயோத்திதாசப் பண்டிதர் வற்புறுத்திய சொல். மகிழ்ச்சியினும் மகிழ்ச்சி!

ஆகவே, நண்பர்களே, கேளுங்கள். எல்லிங்டனைக் கேளுங்கள், சாம் குக்கைக் கேளுங்கள், சுந்தராம்பாளைக் கேளுங்கள். விளக்கைக் குறைத்து, கதவருகே அமர்ந்து, ஊசி கரகரக்கும் அந்த முதல் நொடியிலிருந்து கேளுங்கள். உள்ளம் உருகட்டும், அது நல்லது. ஆனால், உருகிய உள்ளத்தோடு எழுந்து, அந்தக் கதவையும் திறங்கள். நெல்லிக்குப்பத்துப் புளியமரத்திலிருந்து கிளம்பிய பாட்டு, ஊரையும் சேரியையும் என்றோ ஒன்றாக்கிவிட்டது. காதுகள் கலந்து நெடுநாளாயிற்று. கைகள் கலப்பதற்குத்தான் இன்னும் கணக்குப் பார்க்கிறோம்!

மகன் வந்து நிற்பான். அல்லது மகள் வந்து நிற்பாள். தயங்கித் தயங்கி ஒரு பெயரைச் சொல்வார்கள். அந்தக் கணத்திலே, நீங்கள் வாழ்நாளெல்லாம் கேட்டு மகிழ்ந்த காதற் பாட்டுகளில் ஒன்றையேனும் நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பின், விடை கூறுங்கள்.